கார் ஓடிபி

என் போனில் ஒருவரை ‘கார் ஓடிபி’ என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. காரின் ஆர்சி புக்கில் இனிஷியலோடு அச்சாகியிருந்தது. ஆனால் எனக்கு அவரிடம் ஆக வேண்டிய காரியம் வருஷத்துக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் ஒன்று மட்டும்தான். அதற்கு இந்தப் பெயரே போதும் என்று இருந்துவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவரிடமிருந்து ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். அவருக்குப் புதுவாயல் பக்கத்து ஆரணியில் உரக்கடை, ஊரை ஒட்டிக் கொஞ்சம் நெல் நிலம். முழங்கால் வலியில் கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று வண்டியை விற்றார். சாவி கொடுத்த அன்றே பெயர் மாற்றத்துக்கான படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தேதி எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டார்.

“நீ ஆர்டிஓ ஆபீசுக்குப் போற அன்னிக்குத் தேதிய போட்டுக்கோ பாப்பா.”

எனக்கு அப்போதே நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சமிருந்தார். படிவங்களை டாஷ்போர்டுக்குள் வைத்தேன். நாலு வருஷமும் அவை அங்கேயே கிடந்தன.

ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் சொல்லும்படியான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. எனக்குத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலை, வாரத்தில் ஆறு நாள். ஆர்டிஓ ஆபீஸ் திறந்திருக்கும் நேரத்தில் நான் கம்பெனியில் இருப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். லீவு இருந்தது. அதையெல்லாம் கல்யாணங்களுக்கும் காய்ச்சலுக்கும் எடுத்துக்கொண்டேன். சுத்தமான சோம்பல், வேறொன்றுமில்லை.

இன்சூரன்சில் மட்டும் நான் ஒழுங்கு. ரோட்டில் ஓடும் காருக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும், போனில் காட்டினாலும் செல்லும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆர்சி புக்கில் யார் பெயரோ அவர் பெயரில்தான் பாலிசியும் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக் கணக்கில் இருந்ததும் அவருடைய போன் எண்தான். புதுப்பிக்க உள்ளே நுழைந்தால் ஓடிபி அவருக்குப் போகும். அவர் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைக் கொடுக்க ஒருமுறை முயன்றேன். அதற்கான ஓடிபியும் அவருக்கே போயிற்று.

நினைவுபடுத்தும் மெசேஜும் அவருக்குத்தான் வரும். பங்குனி பிறந்தால் அவரே கூப்பிடுவார்.

“பாப்பா, உன் வண்டிக்கு மெசேஜ் வந்துகினே கீது. கட்டிடு.”

அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அவரைக் கூப்பிடுவேன். அவர் கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்கும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல மாட்டார், ஜோடி ஜோடியாகத்தான் சொல்வார். “நாப்பத்தி ஏழு. சைபர் மூணு. எம்பத்தி ரெண்டு.” உர மூட்டைகளை இரண்டிரண்டாக எண்ணி இறக்கிய பழக்கமாக இருக்கலாம். நான் தட்டி முடித்ததும் மறக்காமல் ஒன்று கேட்பார்.

“பேரு எப்ப மாத்தப் போற?”

“அடுத்த மாசம் சார்.”

“சரி, பாத்துப் பண்ணு.”

மூன்று பங்குனி இப்படிப் போயிற்று.

நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் எனக்கு மிச்சமிருக்கும் மரியாதையும் போய்விடும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்குள் வரும் சரக்கைச் சோதிப்பது என் வேலை. ஒவ்வொரு லோடு தகட்டுக்கும் ஒரு டெஸ்ட் சர்டிபிகேட் வர வேண்டும். அது இல்லையென்றால், அல்லது அதில் ஒரு எழுத்து அடித்துத் திருத்தியிருந்தால், லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். போன மழைக்காலத்தில் ஒரு லாரிக்காரர் கேட்டில் அரை நாள் நின்றார். அவர் கொண்டுவந்த சர்டிபிகேட்டில் தேதி மட்டும் பேனாவால் எழுதப்பட்டிருந்தது.

“சீலு கீது, கையெழுத்து கீது. தேதி ஒன்னு தானே மேடம்” என்றார்.

நான் அவரிடம் பேசக்கூட இல்லை. ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். என் கறார்த்தனம் குறித்து எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இந்த வருஷம் பங்குனியில் போன் வரவில்லை. வரவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் புதுவாயல் கூட்ரோட்டில் போலீஸ் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற வேன்காரர் இன்சூரன்ஸ் காகிதத்தைத் தேடி சீட்டையெல்லாம் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களெல்லாம் எப்போது திருந்துவார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே என் போனை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“இன்சூரன்ஸ்?”

“இருக்கு சார்.”

பாலிசியைத் திரையில் காட்டினேன். போலீஸ்காரர் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த மெஷினில் வண்டி நம்பரைத் தட்டினார்.

“முடிஞ்சி நாலு நாளாவுது மேடம்.”

நான் காட்டியது போன வருஷத்துப் பாலிசி. என்னிடம் இருந்ததே அதுதான். அதற்குப் பிறகு அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வண்டி யாருது?”

“என்னுதுதான் சார்.”

“புக்குல வேற பேரு வருதே. வூட்டுக்காரரா?”

“இல்ல. வித்தவரு.”

“அப்ப இதுல நீங்க யாரு மேடம்?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கட்டாயமாகப் போட வேண்டிய இன்சூரன்சுக்குத் தமிழில் மூன்றாம் நபர் காப்பீடு என்று பெயர். முதல் நபர் புக்கில் இருப்பவர், இரண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி, மூன்றாவது ரோட்டில் நம் கார் யாரை இடிக்கிறதோ அவர். நாலு வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நான் அந்தக் காகிதத்தில் எத்தனையாவது நபராகவும் இல்லை.

போலீஸ்காரர் அபராதத்தை மெஷினில் ஏற்றினார். அது புக்கில் இருக்கும் பெயரில்தான் விழும், மெசேஜும் அவர் எண்ணுக்குத்தான் போகும் என்றார். அதோடு விடவில்லை.

“யாரையாச்சும் இடிச்சிருந்தா இன்னா ஆவும் தெரிமா? ஓட்டுனதுக்கு உங்க மேல கேஸு. நஷ்ட ஈடு அந்த மனுசன் தலையில. இன்சூரன்சும் இல்ல, அவரு நெலத்த வித்துத்தான் கட்டணும்.”

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கவரைப்பேட்டை தாண்டி, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த ஒரு பெண் என் காருக்கு முன்னால் வந்துவிட்டாள். பிரேக் பிடித்துவிட்டது. அவளுடைய டிபன் பை மட்டும் கீழே விழுந்தது. அவள் என்னைத் திட்டினாள், நான் சாரி சொன்னேன், அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு இன்சூரன்ஸ் இல்லை. அவள்தான் அந்த மூன்றாம் நபர் ஆகியிருப்பாள். அதற்கு ஆரணியில் முழங்கால் வலியோடு உரம் விற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் பதில் சொல்லியிருப்பார்.

காரை ஒரு பஞ்சர் கடையோரமாக நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டு ‘கார் ஓடிபி’யைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். புதுவாயலில் பிரியும் ரோடு நேராக ஆரணிக்குத்தான் போகிறது. தினமும் இரண்டு வேளை அந்தத் திருப்பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், ஒருநாளும் திரும்பியதில்லை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

உரக்கடையின் ஷட்டர் மூடியிருந்தது. பக்கத்துச் சந்துக்குள் அவர் வீடு. கதவைத் தட்டியதும் அவர் மனைவி வந்தார். கார் வாங்கிய அன்று காப்பி கொடுத்தவர், என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

“சார் இருக்காராம்மா?”

“அவரு போயி அஞ்சி மாசமாச்சே பாப்பா. உனக்குத் தெரியாதா?”

எனக்கு எப்படித் தெரியும்? யார் சொல்வார்கள்? நான் அந்தக் குடும்பத்துக்கு என்ன உறவு? அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பழைய பட்டன் போனை எடுத்து நீட்டினார்.

“இது இன்னான்னு பாரு. காலைல வந்திச்சு. செத்துப்போன மனுசன் மேல போலீசு கேஸு போட்டுக்கீதுன்னு பக்கத்து வூட்டம்மா படிச்சிச் சொல்லிச்சு. அதுக்கப்புறம் போனு அடிச்சிகினே இருந்திச்சு. போலீசுதான்னு நான் எடுக்கல.”

“அடிச்சது நான்தாம்மா. அந்தக் கேஸும் என்னுதுதான். தப்பு என் மேல.”

நடந்ததை முழுக்கச் சொன்னேன். நிலத்தைப் பற்றிப் போலீஸ்காரர் சொன்னதையும் மறைக்கவில்லை. அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அபராதத்தை அங்கேயே உட்கார்ந்து கட்டினேன். கட்டியாயிற்று என்ற மெசேஜ் அவர் கையிலிருந்த போனுக்கு வந்தது. அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

“சார் இல்லாம இந்த நம்பர எதுக்கும்மா வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“உனக்குத்தான். ஆசுபத்திரில கீறப்ப சொன்னாரு. சிம்ம தூக்கிப் போட்ராத, பங்குனில கார் பாப்பா கூப்புடும், நம்பர் கேக்கும், அதுக்கு மட்டும் சொல்லு, வேற எவன் கேட்டாலும் சொல்லாதன்னு. மாசாமாசம் டப்பு குடுத்து ரீசார்ஜ் போட்டு வெச்சிகினு கீறேன். இங்கிலீசு மெசேஜு எனக்கு இன்னா தெரியும்? நீ கூப்புடுவன்னு இருந்தேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவர் சாகும்போதும் என் காரை ஞாபகம் வைத்திருந்தார். நான் பங்குனி முடிகிற வரைக்கும் அவரை நினைக்கவே இல்லை.

காரிலிருந்து எடுத்து வந்திருந்த படிவங்களைக் காட்டினேன். அந்த அம்மா அவற்றை வெளிச்சத்தில் பிடித்துக் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“அவரு கையெழுத்துதான். இத வெச்சே மாத்திக்கலாமில்ல?”

“தேதி இல்லம்மா. அவரு இருந்தப்பவே மாத்தியிருக்கணும். இனிமே வாரிசுன்னு நீங்க ஆபீசுக்கு வரணும், அலையணும்.”

“நான் எங்க அலையுறது? போன வருசத்துத் தேதியா போட்டுக்கோ. நான் இன்னா சொல்லப் போறேன்?”

பையில் பேனா இருந்தது. எடுத்து மூடியையும் கழற்றிவிட்டேன். சீலு கீது, கையெழுத்து கீது, தேதி ஒன்று தானே. லாரிக்காரருடைய குரல் அப்படியே காதில் விழுந்தது. நேர்மை என்று இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர் கேட்டில் அரை நாள் நின்றதும், நான் டீ குடிக்கப் போனதும் நினைவுக்கு வந்துவிட்டன. பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன்.

“நான் வந்து கூட்டிக்கினு போறேம்மா. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, அது முன்னே நின்ற அதே வீட்டு வாசலில் நிறுத்தினேன். அடுத்த இரண்டு மாதம் கம்பெனி பஸ்ஸில் போனேன். பட்டா மாற்றுவதற்காக வாரிசுச் சான்றிதழ் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள், அது ஒரு நிம்மதி. ஆனாலும் அந்த அம்மா மூன்று முறை என்னோடு ஆர்டிஓ ஆபீசுக்கு பஸ்ஸில் வர வேண்டியிருந்தது. கார் முதலில் அவர் பெயருக்கு மாறி, அப்புறம்தான் என் பெயருக்கு வரும் என்றார்கள். சில வாரம் அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர். இன்சூரன்ஸ் இல்லாமல் பெயர் மாறாது என்றதால் அவர் பெயரிலேயே ஒரு பாலிசியும் போட்டோம்.

“எம் பேர்ல ஒரு காரு” என்று ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டார். “அவரு இருந்தா கிண்டல் பண்ணிகினே இருப்பாரு.”

என் பெயருக்கு மாறி வந்த அன்று மாலையே பாலிசியையும் என் பெயருக்கு மாற்றினேன். ஓடிபி முதல்முறையாக என் போனுக்கே வந்தது. என்னை அறியாமல் இரண்டிரண்டாகப் படித்துத் தட்டினேன். அப்புறம் ‘கார் ஓடிபி’யைக் கூப்பிட்டேன். அந்த அம்மா எடுத்தார்.

“எல்லாம் என் பேருக்கு வந்தாச்சும்மா. இனிமே எது நடந்தாலும் உங்க மேல வராது. அந்த நம்பருக்கும் நீங்க ரீசார்ஜ் பண்ண வேணாம்.”

“அப்படியா? ரேசன் கார்டுல எடுத்தாச்சு. பட்டாவுல மாத்தியாச்சு. கடை லைசென்சும் போச்சு. காரு ஒன்னுதான் அவரு பேர்ல நின்னுகினு இருந்திச்சு.” அப்புறம் கேட்டார். “இனிமே இந்த நம்பருக்கு ஒன்னும் வராதில்ல?”

“வராதும்மா.”

“சரி பாப்பா. வண்டிய பாத்து ஓட்டு.”

போனை வைத்த பிறகு, இப்போதாவது அந்த எண்ணுக்கு அவர் பெயரைப் போடலாம் என்று தோன்றியது. இனிஷியல் ஒன்றா இரண்டா என்று நினைவில்லை. ஆர்சி புக்கை எடுத்துப் பார்த்தேன், அதில் என் பெயர் இருந்தது. போனில் தேடி, காலாவதியான அந்தப் பழைய பாலிசியைத் திறந்து, அதைப் பார்த்து எழுதினேன்.