சுவரொட்டி ஒட்டிய சுவர்

சாராள் சுவரொட்டியை வாங்கி வந்தவுடன் கழுவமாட்டாள். தாளைப் பிரித்து, ஆட்டு வயிற்றின் அந்தக் கருஞ்சிவப்புத் துண்டை உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டு, அடுப்புக்கு மேலே இருக்கும் சுவரில் ஓங்கி ஓர் அறை அறைவாள். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்பாள். நழுவினால் நேற்று அறுத்த ஆடு. நழுவாமல் பல்லிபோல் பற்றிக்கொண்டு நின்றால், விளிம்பில் நகம் கொடுத்து மெல்ல உரித்தெடுப்பாள். கழுவுவது, கம்பியில் குத்தித் தீயில் வாட்டுவது, மேல்தோலை எடுத்துவிட்டு மிளகு தூவுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். ஞாயிறுதோறும் அறை வாங்கி அந்த இடம் பழுப்பேறிப் போயிருந்தது.

அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளறையில் அவள் புருஷன் ஏசுதாஸ் கண்ணை மூடிக்கொள்வான். வாயில் எச்சில் ஊறாது, வறளும்.

சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவன் கான்ட்ராக்ட் ஆள். அவனோடு சேர்ந்தவர்களையெல்லாம் நிரந்தரமாக்கியபோது, மருத்துவச் சோதனையில் ரத்தம் குறைவு என்று இவனை மட்டும் ஓரமாக நிற்க வைத்தார்கள். அடுத்த சோதனையிலும் குறைந்தால் கான்ட்ராக்டும் கிடையாது என்றார்கள். சாராள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். ரத்தம் ஊறச் சுவரொட்டிதான் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. அவள் அம்மா வீட்டில் பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோரும் அதைத் தின்றே எழுந்து நடந்தார்கள்.

ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும். அதனால் சர்ச் ஆராதனைக்கு முன்பே தர்மராஜின் கறிக்கடையில் போய் நிற்பாள்.

"இன்னாக்கா, வாராவாரம் சுவரொட்டியா? அண்ணாத்தைக்கு எத்தினியாவது மாசம்?" என்றான் தர்மராஜ். வரிசை சிரித்தது.

"ரெட்டப் புள்ளையாம். நீயே வந்து வளகாப்பு போடு. இப்ப கத்திய வச்சிட்டு எட்த்துக் குடு."

கடையில் விட்டுக்கொடுக்காமல் பேசியவள், வீட்டுக்கு வந்து அதையே ஏசுதாஸ்மேல் வீசினாள். "கறிக்கடைல உன்ன புள்ளத்தாச்சின்றானுங்க. மூஞ்சிய எங்கய்யா கொண்டுபோயி வச்சிக்கிறது?"

"வவுறு ஒத்துக்கல சாரா. இந்த வாரம் கீர பண்ணேன்."

"கீர துன்னு துன்னுதான் வெள்ளத்துணி மாறி கீற. கோவளத்துல உங்க ஆத்தா உனுக்கு இன்னாதான் போட்டு வளத்தாங்களோ! மீனு மண்டயத் தவிர எதையும் கண்ல காட்டல போலகீது."

அவன் சிரித்தான். அம்மா பேச்சு வந்தால் எப்போதும் அப்படித்தான் சிரிப்பான். பிறகு குனிந்து, மாத்திரை விழுங்குவதுபோல் ஒவ்வொரு துண்டையும் தண்ணீர் ஊற்றி இறக்கினான். கடைசித் துண்டு போகும்வரை அவள் நகரவில்லை. ஒருமுறை கொல்லையில் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்தான். அதற்கென்றே எடுத்து வைத்திருந்ததுபோல் இன்னும் இரண்டு துண்டைத் தட்டில் வைத்தாள்.

மாதங்கள் போனதும் அவனுடைய வெளிறிய முகத்தில் ஒரு கருமை படர்ந்தது. இடது விலாவுக்குக் கீழே வயிறு கெட்டியாக முன்தள்ளியது. "பாத்தியா, ரத்தம் புடிக்கிது. தொப்பகூட வச்சிட்ச்சி" என்று அந்த இடத்தைச் செல்லமாகக் குத்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

இரண்டாவது சோதனையில் ரத்தம் முன்பைவிடக் குறைவாக இருந்தது. கம்பெனி அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

"இத்தினி சுவரொட்டிய மாமல்லபுரத்துல ஒரு செலைக்கி ஊட்டியிருந்தா அதுகூட ரத்தம் கக்கியிருக்கும்" என்றாள் சாராள். அன்றிலிருந்து புதன்கிழமையும் சுவர் அறை வாங்கியது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துகொண்டது. வேறு கம்பெனி, வேறு சோதனை. அவள் விடுவதாக இல்லை.

கால் இரண்டும் வீங்கி, நாலு எட்டு நடப்பதற்குள் மூச்சு வாங்கி, பஸ் ஸ்டாப்பிலேயே சரிந்தவனைச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்த இளம் டாக்டரம்மா, "மண்ணீரல் இவ்வளவு வீங்கியிருக்கே, எப்போலேர்ந்து?" என்றார். சாராள் விழித்தாள்.

"சுவரொட்டிம்மா" என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ். "உங்க வூட்டுக்காரருக்கு சுவரொட்டி வீங்கிக்கினு கீது."

சாராளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

என்னென்ன கொடுத்தாள் என்று டாக்டரம்மா கேட்டபோது, சாராள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. இரும்பு குறைந்து வருகிற சோகை வேறு, இது வேறு என்றார் அவர். இவனுக்குப் பிறவியிலேயே ரத்தக் கோளாறு. ரத்தம் ஊற ஊற உடையும். உடம்பில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. வேண்டாத இரும்பு போக வழியில்லாமல் ஈரலிலும் இதயத்திலும் படியும். தோல் கறுத்தது அதனால்தான். தானாகவே ஏறுகிற இரும்பை வாராவாரம் ஊட்டி வேகப்படுத்தியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சாராள் அவன் காலடியில் உட்கார்ந்தாள். "வேணாம்னு வாய்விட்டு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாய்யா?"

"சொன்னனே" என்றான் மூச்சுக்கு நடுவில். "கீர பண்ணுன்னு."

அந்த வாரத்தை அவன் தாண்டவில்லை. கோவளத்தில் அடக்கம் நடந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு மாமியார் ரோசம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தபடி பேசினாள். "அவன் பள்ளிக்கூடம் போற வயசுலயே டாக்டரு சொல்லிட்டாரு. ஈரலு, சுவரொட்டி, சத்து மாத்தர எதுவும் கூடாதுன்னாரு. அதான் இந்த வூட்ல கறியே எடுக்கமாட்டோம். வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? உன் கழுத்துல தாலி ஏறுறதுக்கு மொத நாளு, பொண்ணுகிட்ட மூச்சு வுடக்கூடாதுன்னு அவன வேதபுஸ்தகத்து மேல கைய வெக்கச் சொன்னேன்."

"சுவரொட்டி கூடாதுன்னு அவருக்குத் தெரியுமா?" என்றாள் சாராள்.

"டாக்டரு சொன்னதே அவன்கிட்டதாம்மா."