கேட்டோடு நின்ற சென்னப்பன்

சென்னப்பனை நான் முதலில் பார்த்தது கம்ப்யூட்டரில்தான். அதுவும் ஒரு தூணாக.

2009இல் ஓசூர் சிப்காட் சாலைகளை ஜீப்பில் போய் வீடியோ எடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. ஜீப்பின் மேல் ஒரு கேமரா இருக்கும். சுற்றிலும் கண் வைத்தது, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒரே சாலையில் பல நாள் போய்வந்து அந்த வீடியோக்களைச் சேர்த்தால், சுவர், மரம், கம்பம் எல்லாவற்றையும் உயரமும் அகலமும் ஆழமுமாகக் கம்ப்யூட்டர் திரும்பக் கட்டிவிடும். அசையாதது மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தப்பாது. மனிதர்கள், மாடுகள், லாரிகள் எல்லாம் தானாகவே அழிந்துபோகும். மிச்சமிருக்கும் பிசிறுகளைத் துடைப்பது என் வேலை.

ஒரு தொழிற்சாலை கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் காக்கி நிறத்தில் ஒரு தூண் அழியவே மாட்டேன் என்றது. வீடியோவைப் போட்டுப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் ஜீப் தூரத்தில் வந்ததுமே அங்கிருந்த காவலாளி எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு விறைத்துவிடுகிறார். கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி இமைகூடத் தட்டவில்லை. ஒவ்வொரு நாளும் அதே இடம், அதே விறைப்பு. பாவம், கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

மறுவாரம் நானும் ஜீப்பில் போனேன். கேட்டில் வேறு ஆள் இருந்தான். எதிர் டீக்கடையிலிருந்து அந்தக் காவலாளி ஓடிவந்தார்.

"ஏம்மா, எடுத்த போட்டோவெல்லாம் எப்ப குடுப்பீங்க?"

"எதுக்குண்ணா?"

"போன வாரம் பூரா சென்னப்பன் கேட்டுலயே இல்லைன்னு சூப்பர்வைசரு சொல்லிட்டாரும்மா. அவரு மச்சானுக்கு வேலை வேணுமில்ல, அதான். இந்த வயசுல வேற எவன் என்னைச் சேத்துக்குவான்? தளியில இருந்து தெனமும் பஸ் ஏறி வர்றேன், மேனேஜரைப் பாக்கவே உட மாட்டேங்கறாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூணாகிற அளவுக்கு நின்ற மனுஷனைப் பார்த்து இல்லவே இல்லை என்று சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ! என் முதலாளி மோகன்குமாரிடம் கெஞ்சி லேப்டாப்பை வாங்கிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்கே போனேன். தேதியோடு வீடியோக்களைக் காட்டினேன். பிறகு கம்ப்யூட்டர் கட்டிய கேட்டையும் அதனருகே நின்ற சென்னப்பனையும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே சென்னப்பனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஊரையே ஜெயித்த மாதிரி வீட்டுக்குப் போனேன்.

சில நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது கேட்டில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலைத் தூக்கிச் சுவரில் முட்டுக்கொடுத்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.

"உக்காருங்கண்ணா, இப்ப யாரும் படம் எடுக்கல" என்றேன்.

"ஸ்டூலை எடுத்துட்டாங்கம்மா. இவ்ளோ நல்லா நிக்கறியே, உனக்கு எதுக்கு ஸ்டூலுன்னு மேனேஜரே கேட்டுட்டாரு."

அவர் என்னைத் தேற்றுகிற மாதிரி சிரித்தார்.

"நான் அப்படி நின்னது உங்க ஜீப்பு போற வரைக்குந்தாம்மா."