உரிக்காத பிளாஸ்டிக் தாள்

சர்ரென்று ஒரு சத்தம். தொடுதிரையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பேராசிரியர் நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்தார். தன் முதுகுத் தோலையே உரித்ததுபோலத் தலைமையாசிரியர், "ஐயோ அம்மா, புதுசுங்க!" என்று அலறினார். மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி அது. திரையை மாட்டிக் கொடுத்தவன் நான். திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன்; ஊர் விழா மேடைகளில் ஜோக்கும் சொல்வேன். நானும் அலறத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் புதுப் பொருளின் உறையைக் கழற்றுவது கிட்டத்தட்டப் பாவம். லாரி வாங்கினால் சீட்டு உறை நார்நாராகக் கிழிந்து தொங்கும்வரை அப்படியேதான் இருக்கும். என் காரில் கோடைக்காலத்தில் ஏறியவர்கள் இறங்கும்போது சீட்டும் கொஞ்சம் கூடவே வரும். அதில் உட்கார்ந்துதான் பேராசிரியரும் பள்ளி பள்ளியாக வந்தார். "ஏனுங்க, இதை எப்பத்தான் கழட்டுவீங்க?" என்பார். "வண்டி பழசாகட்டுமுங்க" என்பேன். சிரித்துவிடுவார்.

குமாரபாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண் அவர். சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகவே கென்யா, பெரு, பின்லாந்து என்று போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். திரையைப் பார்க்க மாட்டேன், பிள்ளைகளின் கைகளைத்தான் பார்ப்பேன் என்பார். ஏதோ ஒரு மலைப் பள்ளியில் ஒரே கம்ப்யூட்டருக்கு ஒரு வகுப்பே அடித்துக்கொண்டதைச் சொல்லும்போது, சொந்தக்காரர் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வதுபோல அவர் முகம் மலரும். "சண்டை போட்டாங்கன்னா படிக்கறாங்கன்னு அர்த்தமுங்க."

இந்தப் பள்ளியிலோ கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. திரையைப் போட்டதும் "கையக் கட்டு" என்பார் தலைமையாசிரியர். யாரும் தொட்டுவிடக் கூடாதாம். தொடுதிரையை!

"ஊட்டுல ரிமோட்டுக்குச் சட்டை மாட்டுங்க, ஆரும் கேக்கல. இது பிள்ளைங்க தொடறதுக்குன்னே செஞ்சதுங்க!" என்று பேராசிரியர் கத்தினார்.

"ஒடைஞ்சா ஆருங்கம்மா பதில் சொல்றது?"

"ஒடையட்டும். இவரு எதுக்கு இருக்கறாரு?" என்று என்னைக் காட்டினார். என்னை அவ்வளவு நம்பியவர் வேறு யாருமில்லை. என் மனைவி உட்பட.

அடுத்த முறை போனபோது பள்ளியின் நன்கொடைக் கமிட்டித் தலைவர் கேட்டிலேயே நின்றிருந்தார். "அந்தம்மா உள்ள வர வேண்டாமுங்க" என்று, அவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். எந்தெந்த நாட்டிலோ பெஞ்சு போட்டு உட்கார வைத்தவரைப் பக்கத்து ஊர்க்காரன் கேட்டோடு அனுப்பினான். திரும்பும்போது காரில் சீட்டு உறை மட்டும் கரகரத்தது. நான் ஒரு ஜோக் சொன்னேன். என் ஜோக்குகளிலேயே மட்டமானது அதுதான்.

போன வருடம் அவர் இறந்துபோனார். இந்த வருடம் அதே கமிட்டி, அதே பள்ளியில் கட்டிய ஏஐ வகுப்பறைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது. திறப்பு விழாவில் கூட்டத்தைச் சிரிக்க வைக்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். அதே தலைவர் மைக்கைப் பிடித்து, "அம்மா நம்ம மண்ணோட பொக்கிசமுங்க" என்றார். உயிரோடு வந்தபோது உள்ளே விடாதவர்கள், படமானதும் நடுச் சுவரில் திரைக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். படத்துக் கண்ணாடியின் மேல் தாள் உரிக்கப்படவில்லை. புதுத் திரையின் மேலும் உரிக்கப்படவில்லை. எதிரே பிள்ளைகள், கைகள் முதுகுக்குப் பின்னால்.

மைக் என் கைக்கு வந்தது. மைக்கை வைத்துவிட்டு, முதலில் அவர் படத்தின் தாளை உரித்தேன். மரியாதை செய்கிறேன் என்று கைதட்டினார்கள். பிறகு கீழே இருந்த திரையின் பக்கம் கையை நீட்டினேன். கைதட்டல் நின்றது. "அட ஏப்பா, புதுசுப்பா!" என்று தலைவர் பதறி எழுந்தார்.

சர்ரென்று அதே சத்தம்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, கையைப் பிரிக்காமலே கேட்டாள்: "தொடலாமுங்களா?"

"தொடு சாமி."

தொட்டாள். பின்னாலிருந்தவன் அவளை இடித்துத் தள்ளினான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். இன்னும் இரண்டு பேர் பாய்ந்தார்கள். பேராசிரியரின் படத்துக்கு நேர் கீழே நல்ல சண்டை மூண்டது.