பாய் எழுந்தா படுத்துக்கிற பிரிண்டர்

மணிமொழிக்குக் கோவம் வந்து நான் பார்த்ததே அந்த ஒரு வாரந்தான். மனுசங்க மேல இல்ல, ஒரு பிரிண்டர் மேல.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மதார் பாய் டிராவல்ஸ் வச்சிருந்தாரு. லெப்பைக்குடிக்காட்டுக்காரரு. ஊர்ப்பிள்ளைங்க கல்ஃபுக்குப் போற டிக்கெட்டெல்லாம் அவரு போட்டுக் கொடுக்கிறதுதான். கெழவி நான் அங்க கூட்டிப் பெருக்கி, டீ வாங்கிக் கொடுப்பேன். கம்ப்யூட்டர்ல டிக்கெட் அடிக்கிற மணிமொழி குரும்பலூர்ல இருந்து பஸ்ஸுல வரும். வெயில்ல குனியாம, நாற்காலியில உக்காந்து சம்பாதிச்சது அந்த வூட்டுல அதுதான் மொதல்ல.

பாய், கணக்குப் பாக்குற அனஸ், மணிமொழின்னு மூணு பேருக்கு மூணு கம்ப்யூட்டர். "ஒரே பிரிண்டர் போதும் பாய், ஒயர் இழுத்துக்கலாம்"னு சொன்னது மணிமொழிதான். பாயும் வாங்கிட்டாரு. ஆனா, "என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்"னு தன் கண்ணாடி ரூமுல, தன் கம்ப்யூட்டரோட மாட்டச் சொல்லிட்டாரு.

காலையில ஓடும். மதியம் நின்னுக்கும். அப்புறம் தானா ஓடும். சாயங்காலம் மறுபடி படுத்துக்கும். மணிமொழி ஒயரைப் புடுங்கும், சொருகும், தலையில அடிச்சுக்கும். திருச்சியில இருந்து மெக்கானிக் வந்தாரு. பாய் எதிர்ல உக்காந்து பாக்க, அந்தச் சனியன் சமர்த்தா ஓடுச்சு. "உங்களுக்குத்தாம்மா தெரியல"ன்னுட்டுப் போயிட்டாரு.

நான் உப்பு மிளகா சுத்திப் போடுறேன்னேன்.

"அம்மாயி, நீ வேற உசுரை வாங்காத!"ன்னுச்சு மணிமொழி.

நான் விடல, சுத்திட்டேன். அன்னைக்கும் நின்னுச்சு.

பாய் கண்டிசனா சொல்லிட்டாரு: "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா மிஷினைத் திருப்பிடுவேன். நீயும் வேற இடம் பாத்துக்கம்மா."

வெள்ளிக்கிழமை பாய் ரூமைப் பூட்டிட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிட்டாரு. அந்த நேரம் பார்த்து ஆசிக்குன்னு ஒரு பையன், ராத்திரி பிளைட்டு, டிக்கெட் வேணும்னு வந்து நிக்கிறான். மணிமொழி பிரிண்டு தட்டுது, வரல. கண்ணாடி வழியா பாத்தா பிரிண்டர்ல பச்சை விளக்கு எரியுது. மறுபடி மறுபடி தட்டுது.

"அக்கா, நான் பிளைட்ல போறதா, நடந்து போறதா?"

"நடந்தே போடா!" மணிமொழிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

பாய் திரும்பி வந்து ரூமைத் தொறந்து உக்காந்தாரு. கொஞ்ச நேரத்துல கடகடன்னு சத்தம். ஆசிக் பேரு போட்ட டிக்கெட்டா வருது, நிக்காம வருது, தரையெல்லாம் காகிதம்.

"யாரும்மா இது? இவன் ஒருத்தன் போறானா, ஊரே போகுதா?"

மணிமொழி காகிதத்தைப் பாத்துச்சு, பாயைப் பாத்துச்சு. "பாய், போறப்ப உங்க கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டா போனீங்க?"

"பின்னே? ஒவ்வொரு தொழுகைக்கும் ஆஃப் பண்ணிட்டுத்தான் போறேன். பிரிண்டரைத் தொடலயே. கரண்டு பில்லு உங்கப்பாவா கட்டுவாரு?"

"உங்க கம்ப்யூட்டர் வழியாத்தான் பாய் எல்லாருக்கும் பிரிண்டு வருது! அது தூங்கினா இதுவும் தூங்கும்!"

"அதை மொதல்லயே சொல்றதில்லையா?"

மணிமொழி விறுவிறுன்னு போயி பிரிண்டரைத் தூக்கியாந்து தன் மேசையில வச்சு, தன் கம்ப்யூட்டர்ல மாட்டிருச்சு. பாய் வேலையை விட்டு நிக்கச் சொன்ன பேச்சை அப்புறம் எடுக்கல.

அடுத்த வாரமே ஒரு நாள் காலையில பாய் வாசல்லயே நின்னாரு. "நேத்து சாயங்காலம் ஒரு தாள் எடுக்க முடியலம்மா! உன் மிஷினை ஏன் ஆஃப் பண்ணிட்டுப் போன?"

மணிமொழி பையை வச்சுட்டு நிதானமா கேட்டுச்சு: "கரண்டு பில்லு எங்கப்பாவா பாய் கட்டுவாரு?"