குதிரை நின்ற இடம்

மிரண்டு ஓடும் குதிரையை நிறுத்த, கடிவாளத்தின் இரண்டு வாரையும் சேர்த்து இழுக்கக்கூடாது. இதை அண்ணா எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஒரு வாரை மட்டும் இழுத்து, குதிரையின் தலையை நம்முடைய முழங்கால்வரை வளைக்கவேண்டும். தலை வளைந்த குதிரையால் நேரே ஓடமுடியாது, வட்டம் போடும். வட்டம் சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் நின்றுவிடும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து உருவிக்கொண்டு இடப்பக்கமாகக் குதித்துவிடவேண்டும்.

அண்ணா சுவிஸில் குதிரை லாயம் ஒன்றில் பல வருடம் வேலை செய்தவர். ஊரோடு வந்து இருக்கப்போகிறேன் என்று வந்தவர், நுவரெலியாவில் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு பெட்டைக் குதிரையை வாங்கிவந்து தர்மபுரத்துக்கு உள்ளே இருக்கும் எங்கள் வயற்காணியில் கட்டினார். “வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்ட கதைதான்” என்று சனம் சிரித்தது. அப்படிச் சிரித்தவர்களில் பாதிப்பேர் பின்னேரத்தில் பிள்ளைகளோடு வந்து குதிரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அதுதான் ஆத்திரம்.

நாற்பது வயதில் நான் குதிரை ஏறப் பழகினேன். ஏறுவதில் கரைச்சல் இருக்கவில்லை. நிறுத்துவதில்தான் என் கை கெட்டுப்போயிருந்தது. எங்கள் அப்பா மாட்டுவண்டிச் சவாரிக்காரர். அவர் உயிரோடிருந்த காலத்தில் நானும் அண்ணாவும் அவருடைய வண்டியில் நின்று வளர்ந்தவர்கள். பாய்ந்து வரும் மாடுகளை நிறுத்த இரண்டு நாணயக்கயிற்றையும் சேர்த்துப் பிடித்து, முழுப்பாரத்தையும் பின்னுக்குச் சாய்த்து இழுக்கவேண்டும். மூக்கு நொந்தால் மாடு நிற்கும். பந்தயக் குதிரைக்கு அது நேர்மாறு. இரண்டு வாரும் இறுகினால், ஓடு என்று சொல்வதாகத்தான் அதற்குப் படும். அண்ணா அந்தப் பழக்கத்தைச் சுவிஸில் தொலைத்துவிட்டார். நான் தொலைக்கவில்லை.

எங்கள் காணிக்கு அப்பால் ஒரு கிரவல் பாதை. பாதைக்கு அங்கால், சண்டைக்காலத்தில் புதைத்த கண்ணிவெடி இன்னும் எடுத்து முடியாத காணி. சிவப்புத் தடிகள், நாடா, மண்டையோடு கீறிய பலகைகள். உள்ளே கூரையில்லாத ஒரு வீடும் வட்டற்று மொட்டையான பனைகளும் நின்றன. அங்கே புல் எங்கள் பக்கத்தைவிடப் பச்சையாக இருக்கும். ஆனாலும் ஒரு மாடு அங்கே மேய்ந்து நான் கண்டதில்லை. மத்தியானத்தில் அந்தப் பக்கம் பார்க்க எனக்குப் பிடிக்காது. அங்கே ஆள் இல்லை என்று தெரியும். ஆனால் யாரோ இப்போதுதான் எழும்பி உள்ளே போனதைப்போல அந்த வீட்டு வாசல் கிடக்கும்.

அன்றும் மத்தியானம்தான். வெயிலுக்கு முன் குதிரையைக் கொண்டுவந்து கட்டியிருக்கவேண்டும், பிந்திவிட்டது. அண்ணா வரம்பில் நிற்க, நான் பாதையோரமாக நடைவிட்டுக்கொண்டிருந்தேன். காற்றில்லை. நாயில்லை. வயல் உழும் லாண்ட்மாஸ்ரர் சத்தம்கூட இல்லை. குதிரை நின்றது. அந்தக் காணியைப் பார்த்துக் காதிரண்டையும் நிமிர்த்தியது. யாரோ கூப்பிட்டது போல ஒரு நடுக்கம் அதன் தோலில் ஓடியதை என் தொடையில் உணர்ந்தேன். அடுத்த கணம் அது பாய்ந்தது.

என் கை அப்பாவின் கையாகிவிட்டது. இரண்டு வாரையும் சேர்த்துப் பிடித்து, பின்னுக்குச் சாய்ந்து இழுத்தேன். குதிரை இன்னும் வேகமெடுத்தது. பாதையைத் தாண்டியது. நாடா அறுந்து என் நெஞ்சில் அடித்தது. அதற்குப் பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

“ஒரு பக்கம் இழு! ஒரு பக்கம்!” என்று அண்ணா கத்துவது கேட்டது.

அண்ணாவின் பாடத்தில் இல்லாத சங்கடம் அங்கேதான் இருந்தது. வட்டம் போட்டால்தான் குதிரை நிற்கும். அந்த மண்ணில் வட்டம் போட்டால் ஒவ்வொரு குளம்படியும் புது இடத்தில் விழும். நேரே போனால் இன்னும் உள்ளே போய்விடும். யோசித்தேன் என்று சொன்னால் பொய். இடது வாரை மட்டும் பிடித்து முழங்காலுக்கு இழுத்தேன். தலை வளைந்தது. பெரிய வட்டம், பிறகு சின்ன வட்டம், பிறகு அதைவிடச் சின்ன வட்டம். ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடினேன். கண்ணகை அம்மனைக் கூப்பிட்டேன்.

“குதி! குதிச்சுப் படு!” என்று அண்ணா நாடாவைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

நான் காலை அங்கவடியிலிருந்து உருவினேன். இடப்பக்கம் சாய்ந்தேன். குதிரையின் தலை அங்கே இருந்தது. நான் இழுத்து வளைத்த தலைதான். என் முழங்காலில் மூக்கு முட்ட, இறங்குகிற வழியை மறித்துக்கொண்டு நின்றது. அதன் கண் என்னைப் பார்க்கவில்லை. கீழே நிலத்தை, ஒரே இடத்தை, பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்குக் குதிக்க மனம் வரவில்லை. குதிரையும் நின்றுவிட்டது.

பிறகு வந்த அமைதியைப்போல ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குதிரை மூச்சுவிடும் சத்தம் மட்டும். கூரையில்லாத வீடு பக்கத்தில் இருந்தது. அதன் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் இருந்தேன். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

காணியின் மற்றக்கரையில் வெடி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். முகத்துக்குக் கண்ணாடி மறைப்புப் போட்ட ஒரு பெண் முன்னுக்கு வந்தாள். “அக்கா, இறங்காதேங்கோ. குதிரையை அசைய விடாதேங்கோ. நான் வாறன்” என்றாள். குரலில் ஒரு அவசரமும் இல்லை. குளம்படி பட்ட தடத்தை ஒட்டி, வெடி தேடும் கருவியால் தடவித் தடவி, முழங்காலில் நின்று மண்ணைக் கிளறிக் கிளறி வந்தாள். வெயில் சாய்ந்தது. வார் பிடித்த கை மரத்துப்போனது. குதிரை ஒரு காலைக்கூட மாற்றி வைக்கவில்லை.

கிட்ட வந்ததும் அவளுடைய கருவி கத்தியது. அவள் கொஞ்சநேரம் குனிந்து வேலை செய்தாள். பிறகு நிமிர்ந்து, மற்றப் பக்கமாகச் சுற்றிவந்தாள்.

“வலப்பக்கத்தால இறங்குங்கோ அக்கா. அந்தப் பக்கம் பாக்க வேண்டாம்.”

பார்த்தேன். குதிரை போட்ட வட்டங்களுக்கு நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்கு, குளம்பு படாத மண் இருந்தது. அதில் பச்சை நிறத்தில் ஒரு வட்டம் மெல்லத் தெரிந்தது. இடப்பக்கம் குதித்தால் என் கால் விழுகிற இடம் அதுதான். “குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்” என்பார்கள். இது என்னைத் தள்ளவுமில்லை. பந்தயம் ஓடின குதிரை. அதற்கு வெடியைப்பற்றி என்ன தெரியும்?

அவள் போன வழியில், அவளுடைய அடியிலேயே அடிவைத்து, குதிரையையும் நடத்திக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணா என்னைத் தொடவில்லை. எனக்குப் பின்னால், என் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பொழுதுபட முன்னர் அந்த வெடியை அந்த இடத்திலேயே வெடிக்கவைத்தார்கள். சத்தம் வந்தபோது நாங்கள் குசினியில் இருந்தோம். நான் போட்டுவைத்த சோற்றை அண்ணா தொடாமலே இருந்தார்.

“பிள்ளை, நான் குதி எண்டு கத்தினது உனக்குக் கேட்டதே?”

“இல்லை அண்ணா. ஒண்டும் கேக்கேல்லை.”

அண்ணா என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. தட்டைக் கிட்ட இழுத்து, ஒரு பிடி பிசைந்து, சாப்பிடத் தொடங்கினார்.