மூன்று பாட்டும் ஒரு சாமியும்

எங்கள் போஸ்ட்-பங்க் இசைக்குழு நான்கு மாதம் உயிரோடு இருந்தது. பாட்டு மூன்று. மேடை ஒன்று.

"பங்க்னா கத்திட்டுப் போயிடுவான் மச்சான். போஸ்ட்-பங்க்னா கத்தின பிறகும் கோவம் தீராம மொறைச்சிக்கிட்டே நிப்பான்" என்று விளக்கினான் என் பள்ளித் தோழன். கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வீட்டில் கித்தார்.

"அப்ப என் பொண்டாட்டிதான்லா ஒரிஜினல்" என்றேன். அன்றே என்னைப் பாடகனாக்கிவிட்டான். பேஸ் கித்தாரும் என் தலையில் விழுந்தது. நாற்பத்தேழு வயதில், அலோர் ஸ்டார் இரும்புக்கடையில் கணக்கெழுதும் கிராணியான நான், மனைவியைக் கேட்காமல் வாங்கிய முதல் பொருள் அது.

டிரம்முக்கு ஒரு தம்பி வந்தான். கோயில் திருவிழாக்களில் உறுமி அடிப்பவன். உறுமியைத் தேய்த்தால் எழும் அந்த முனகலைக் கேட்டதும் தோழன், "இதான்டா நம்ம சவுண்ட்!" என்று குதித்தான். டிரம் செட்டுக்குப் பக்கத்தில் உறுமியும் ஏறியது.

பாடாங் மேஹா கோயில் மண்டபத்தில் என் மனைவியின் அக்காள் மகளுக்குக் கல்யாணம். மத்தியானச் சாப்பாட்டின்போது எங்களுக்குக் கால் மணி நேரம் கிடைத்தது. மனைவி நிபந்தனை போட்டாள்: "மானத்த வாங்கினீங்க, நாளைக்கே கித்தார வித்துருவேன்."

மேடையேறுவதற்குள் நான்கு முறை கழிவறைக்குப் போய்வந்தேன். நான்காவது முறை போக ஒரு காரணமும் இல்லை. ஏறினேன். ஒலிபெருக்கி கீச்சிட்டது. முந்நூறு பேர் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். முதல் வரி மறந்துவிட்டது. என் பெயரைக் கேட்டிருந்தாலும் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

நான் உறைந்து நின்றதைப் பார்த்த தம்பியும் பதறிப்போய், கைக்குப் பழகியதை அடித்துவிட்டான். அது சாமியை அழைக்கிற அடி.

பந்தியின் மூன்றாவது வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தை எழுந்தார். நாக்கைத் துருத்தினார். இரண்டு மேசைகள் நகர்ந்தன. தோழன் கித்தாரிலிருந்து கையை எடுக்கப் போனான்.

"நிப்பாட்டாத! சாமி எறங்கிருச்சு!" என்று கத்தினார் பந்தி பரிமாறிய பெரியவர்.

சாமி மலையேறும்வரை மேளம் நிற்கக்கூடாது. எங்களிடமோ மொத்தமே ஏழு நிமிடத்துக்குத்தான் சரக்கு. மூன்று பாட்டையும் இரண்டு சுற்று முடித்தோம். சாமி அசரவில்லை. பிறகு நான் சாப்பாட்டுப் பட்டியலைப் பாடினேன். ரசம்வரை வந்தபோது அத்தை மேடையேறிவிட்டார்.

"என்னடா வேணும் உனக்கு?"

வீடு கேட்டிருக்கலாம். முழங்கால் வலி போகக் கேட்டிருக்கலாம். நான் என்ன கேட்டேன்? "ஒண்ணும் வேணாம் தாயே! என் கித்தார விக்காம இருந்தா போதும்!"

சாமிக்கு நீட்ட விபூதித் தட்டோடு ஓடிவந்த என் மனைவி மேடையோரம் நின்றாள். சாமி அவளைப் பார்த்தது.

"விக்காத."

மனைவி தலையாட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர். சாமி மறுபடி என் பக்கம் திரும்பியது.

"நீ பாடாத."

நாக்கில் கற்பூரத்தை வாங்கிக்கொண்டு மலையேறிவிட்டது.

மறுநாளே சமாதானம் பேச அத்தை வீட்டுக்குப் போனேன். "நானா சொன்னேன்? எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லயே தம்பி" என்றார். சிரிப்பை அடக்கியதுபோல் இருந்தது. என்னால் நிரூபிக்க முடியாது.

உறுமித் தம்பியைக் கெஞ்சினேன். "அண்ணே, இன்னொரு தடவை அடிச்சு சாமிகிட்டயே கேட்டுப் பாப்பமா?"

அண்ணே என்று அவன்தான் என்னைக் கூப்பிட வேண்டும். பதற்றத்தில் நான் அவனைக் கூப்பிட்டேன்.

"சாமி சொல்லிருச்சுண்ணே. நீங்க பாடினா நான் அடிக்கமாட்டேன். வேற ஆள பாருங்க."

தோழனைப் பாடச் சொல்லிப் பார்த்தோம். ஒரே பாட்டு. தம்பி உறுமியைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, "அந்தச் சாமி இவரு பாட்ட கேட்டிருந்தா, உங்கள பாட விட்டிருக்கும்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். குழு கலைந்தது. எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விமர்சனம் அதுதான்.