ஊதாத விசில்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபது வயது. வீடு காரமடையில். தடித்த டயர் போட்ட மலை சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். அதன் மேல் இருந்த பாசத்தில் பாதி படிப்பின் மேல் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

முந்தின வாரம் ஒரு பள்ளத்தில் விட்டதில் பின் சக்கரம் கோணிப்போய்விட்டது. சரிசெய்யக் கொடுத்துக் காத்திருக்கப் பொறுமையில்லை. தங்கை சைக்கிளின் சின்னச் சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். முன்னால் இருபத்தாறு இஞ்ச், பின்னால் இருபத்து நாலு. உட்கார்ந்தால் சாய்வு நாற்காலி மாதிரி இருந்தது, எனக்கு ஒரே பெருமை. ஆனால் பின் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்காமல் டயரைப் போய் உரசியது. டயர் கிழிந்தால் தங்கை சும்மா விடமாட்டாள் என்று அந்த பிரேக்கையே கழற்றிப் போட்டேன். முன் பிரேக் போதாதா?

சைக்கிளை பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டு கோத்தகிரி போனேன். இறக்கிக் கொடுத்த கண்டக்டர் இரண்டு சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, பொறத்தால பிரேக்கே காணமுங்களே? இதே வண்டிதான் திரும்பிப் போகுது. மேலயே கெடக்கட்டுமுங்க."

சிரித்துக்கொண்டே மறுத்தேன். இளங்கன்று பயமறியாது.

டீ குடித்துவிட்டு, பஸ் கிளம்பிய பின் நானும் கிளம்பினேன். பாதி மலை இறங்கியிருப்பேன். நல்ல சரிவில் முன் பிரேக் ஒயர் படக்கென்று அறுந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். காலைத் தரையில் ஊன்றினேன். செருப்பு பறந்தது, பாதம் எரிந்தது, வேகம் மட்டும் குறையவில்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

வளைவு தாண்டியதும் முன்னால் அதே பஸ். எதிரே லாரி ஏறி வந்தது, ஒதுங்க இடமில்லை. பஸ்ஸின் பின்னால் இருந்த ஏணிக் கம்பியை எட்டிப் பிடித்தேன். முன் சக்கரம் பஸ்ஸில் இடித்து இடித்துக் குலுங்கியது. பின் சீட்டில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து அலறினார்.

"அய்யோ, விசிலு ஊதுங்க! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!"

பஸ்ஸே சேர்ந்து கத்தியது. கண்டக்டர் பின்படியில் தொங்கி என்னைப் பார்த்தார். உதட்டில் விசில் இருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"உட்றாதீங்க கண்ணு, வாரேன்!" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு விசில் ஊதினால் பஸ் நின்றுவிடுமே, இந்த மனுஷன் எங்கே ஓடுகிறார்?

பஸ் நிற்கவில்லை. வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஆள் நடக்கிற அளவுக்கு வந்து, ஓரமாகப் போய் ஓய்ந்தது. கம்பியிலிருந்து என் விரல்களை என்னால் பிரிக்க முடியவில்லை. கண்டக்டர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். ஏன் ஊதவில்லை என்று கேட்டேன்.

"ஊதுனா டிரைவர் டக்குன்னு மிதிச்சுப்போடுவாருங்க. நீங்க பொறத்தால அப்பளமாயிருப்பீங்க. அதான் ஓடிப்போயி காதுல சொன்னனுங்க."

சைக்கிள் மறுபடியும் பஸ் மேலே ஏறியது. மேட்டுப்பாளையம் வரை அந்த அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். திட்டு கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கண்டக்டரிடம் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அத்தனை பேரும் ஊது ஊது என்று கத்தியபோது ஊதாமல் இருக்க அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.